நுனிவரை பூசிய தார்

சதுரங்கப்பட்டினம் ஷஃபியுல்லாவுக்குத் தார் பூசுவதில் ஒரு கர்வம் உண்டு. இருபது வருஷம் படகுக்குப் பூசியவர். அடியில் விரல்நுனி அளவு விட்டுப்போனாலும், "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்கிற ஆள். அந்தக் கர்வம்தான் 1997 சித்திரையில் அவரைக் கவிழ்த்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்ட ஆரம்பித்திருந்தார்கள். கால்வாய்ச் சேற்றின் மேல் மண் கொட்டி மேடாக்கிய இடம். தொட்டியைத் தாங்கப் பூமிக்குள் அடித்து இறக்கும் கான்கிரீட் தூண்களான பைல்களுக்குத் தார் பூசுவது, ஷஃபியுல்லா சொந்தமாக எடுத்த முதல் காண்ட்ராக்ட். இன்ஜினியர் ராகவன் ஒவ்வொரு பைலிலும் சிவப்புக் கோடு போட்டு, "மேலேர்ந்து இதுவரைக்கும்தான் பாய்" என்று சொல்லியிருந்தார். மனுஷனுக்கு மனசு கேட்டால்தானே! அடியை மொட்டையாக விடுவதாவது? மிஞ்சிய தாரை மூன்று பைலுக்கு நுனிவரை தடவிவிட்டார். வெயிலில் தார் உருகாமலிருக்க எல்லாவற்றுக்கும் முழுசாகச் சுண்ணாம்பு அடித்ததில் கோடும் மறைந்தது, குட்டும் மறைந்தது. எந்த மூன்று என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு நாள் கழித்து, பார்க்க வந்த பஞ்சாயத்துத் தலைவி மேரிக்கு ராகவன் விளக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த மண்ணு இன்னும் அமுங்கிட்டே இருக்கும்மா. அமுங்கும்போது பைலையும் பிடிச்சுக் கீழே இழுக்கும். தார் இருந்தா மண்ணு வழுக்கிட்டுப் போயிடும். ஆனா அடியில கெட்டி மணல் பைலைக் கவ்விக்கணும். அங்க தார் படக்கூடாது."

"பட்டா இன்னா ஆவும்?"

"பிடிப்பு இல்லாம எறங்கும். தொட்டி சாயும்."

பக்கத்திலேயே வரிசையாகக் குடிசைகள். கேட்டுக்கொண்டு நின்ற ஷஃபியுல்லா அவற்றைத் திரும்பிப் பார்த்தார். மூன்றில் ஒன்று அந்த நேரம் கயிற்றில் தொங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தால் காண்ட்ராக்ட் போச்சு. மூடிக்கொண்டால் ஒருத்தருக்கும் தெரியாது. பைல் குறியில் வந்து நின்றது. அடிக்கிற சம்மட்டி மேலே ஏறியது.

"நிறுத்துங்கப்பா!" கத்திக்கொண்டே ஓடினார்.

ராகவன் சுண்ணாம்பைச் சுரண்டினார். நுனிவரை கறுப்பு.

"கோடு போட்டேனே பாய்!"

"படகு நெனப்புல பூசிட்டேன் சார்."

ராகவன் மூச்சை விட்டார். "நல்லவேளை, எறங்கலை. இது ஒண்ணுதானே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும்.

"நேத்து எறக்கினதுல ரெண்டு கீது சார்" என்று கை காட்டினார்.

மத்தியானத்துக்குள் காண்ட்ராக்ட் கைவிட்டுப் போனது. வீட்டில் மனைவி சைதூன் அழுதாள். "அவரு கேட்டது ஒண்ணைத்தானே? அத்தோட நிறுத்தியிருக்கக் கூடாதா?"

"அத்தத்தான் நானும் நெனச்சேன் சைதூன்" என்றார் ஷஃபியுல்லா. "ஒரு நிமிசம் நெனச்சேன்."