தங்கச்சி தரையில் கை வைத்த சாயங்காலம்

போர்ட் பிளேயருக்குப் புதுப் பேர் வைத்தார்களே, அதற்கு அடுத்த மழை விட்ட சமயம் நடந்தது இது. பேர் மாறியும் அபர்டீன் பஜார் ஆட்டோக்காரர்கள் பழைய பேரைச் சொல்லித்தான் கூவிக்கொண்டிருந்தார்கள். போர்டு படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் குழப்பம். எனக்கு என்ன வந்தது?

அப்போதுதான் ஜெர்மனியிலிருந்து என் தங்கச்சி வந்தாள். அறுபதைத் தாண்டியவள். நர்ஸ் வேலைக்கென்று போனவள் அங்கே டான்ஸ்காரியாகிவிட்டாள். சலங்கை கட்டி ஆடுகிற டான்ஸ் இல்லை. பாட்டு இருக்காது, நகை இருக்காது, சில நேரம் எழுந்து நிற்பதுகூட இருக்காது. நம் ஆட்களில் அங்கே அப்படி முதலில் ஆடியவளும், பிறகு வெள்ளைக்காரர்களையே ஆட்டிவைத்தவளும் அவள்தான் என்பார்கள். ஒருமுறை அந்த ஊர்ப் பேப்பரில் அவள் படம் வந்தது. அனுப்பியிருந்தாள். படத்தில் தரையில் கிடந்தாள். எங்கள் அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன்டா, புள்ள கீழ விழுந்ததையா பேப்பர்ல போட்டிருக்கானுக? தூக்கிவிட ஒருத்தனும் இல்லியா?”

அப்பா சாகும்வரை அந்தச் சந்தேகம் தீரவில்லை.

போர்ட் பிளேயரில் டெய்ரி ஃபார்ம் என்கிற ஏரியாவில் என் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

“அண்ணே, லாங் ஐலண்டுல ஆடணும்.”

“அங்க எதுக்கும்மா?”

“எந்தெந்த ஊர்லயோ ஆடிட்டேன். நம்ம தீவு ஜனம் ஒருதடவ முழுசா உக்காந்து பாக்கல. போன தடவ பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்க. முட்டி ரெண்டும் இப்பவே கிறீச்சுங்குது. இத விட்டா இல்ல.”

“ஒரு பாட்டு போட்டுவிடேன், உக்காருவாங்க.”

“போடமாட்டேன்.”

சின்ன வயதிலும் இதே பிடிவாதம்தான். மெயின்லேண்ட் போகிற கப்பலில் எல்லோரும் வாந்தியெடுத்துக் கிடக்க, இவள் மட்டும் கப்பல் சாய்கிற பக்கமெல்லாம் தானும் சாய்ந்து சாய்ந்து டெக்கில் நிற்பாள். அந்தக் கப்பலில் ஊற்றிய சாம்பாரைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். இப்போது வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

நாங்கள் பிறந்து வளர்ந்தது லாங் ஐலண்டில்தான். அங்கே படகு வந்து நிற்கிற ஜெட்டிக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி ஒரு ஹால் உண்டு. ஆட்டத்தை அங்கேதான் வைத்தோம். தமிழர், பெங்காலி, தெலுங்கர், ராஞ்சிக்காரர் எல்லோரும் வந்தார்கள். சமோசா கடைசியில்தான் என்று நான் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தேன்.

தங்கச்சி நடந்தாள். நின்றாள். மறுபடி நடந்தாள். மீன் விற்கிற பெங்காலி அம்மா என் காதோரம் குனிந்தாள். அவள் பாஷையில் அண்ணன் தாதா, அக்கா தீதீ.

“தாதா, ஷுரு கப் ஹோகா?”

“ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு. பேசாம பாரு.”

அப்போது தங்கச்சி சடாரென்று நின்று, மெதுவாக மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையையும் தரையில் அழுத்தி, தலையைச் சாய்த்து அசையாமல் இருந்தாள். மண்ணுக்குள் எதையோ கேட்கிற மாதிரி.

மெயின்லேண்டில் இதற்குக் கை தட்டுவார்களோ என்னவோ. சுனாமி பார்த்த எங்கள் ஜனம் தரையை யாராவது தொட்டுப் பார்த்தால் உடனே ஃபேனைத்தான் பார்க்கும். நிலம் ஆடினால் முதலில் ஆடுவது அதுதானே. மொத்த ஹாலும் அண்ணாந்தது. அந்த ஃபேன் போல்ட் தளர்ந்துபோய் எப்போதும் ஆடுகிற ஃபேன்.

“பாகோ! பாகோ!” என்று கத்தினாள் மீன்கார அம்மா.

ஓடினோம். ஒரு பக்கம் செருப்பு, ஒரு பக்கம் நாற்காலி. எல்லோரும் மேட்டு மைதானத்துக்கு ஏறுகிறோம். தங்கச்சி எங்கே என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தால், அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள். முட்டி கிறீச்சென்றதாகத் தெரியவில்லை.

“நீ ஏம்மா ஓடுற?”

“எல்லாரும் ஓடுறாங்களே! ஏதோ தெரிஞ்சுதான ஓடுறாங்க!”

“நீ கைய வச்சுப் பாத்ததாலதான் ஓடுறாங்க!”

அவள் நின்று மூச்சு வாங்கினாள். “ஐயோ, அது டான்ஸுண்ணே.”

மேட்டில் யாரும் அதை நம்பவில்லை. பெங்காலி அம்மா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தீதீ கையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள் என்றே பேச்சு. கடலோ கீழே சும்மா கிடந்தது. இருந்தாலும் எங்கள் ஊரில் ஏறியவர்கள் உடனே இறங்க மாட்டார்கள். யாராவது முதலில் இறங்கட்டும் என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தங்கச்சி அந்தக் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அண்ணே, இப்ப யாரும் எந்திரிச்சுப் போகமாட்டாங்கல்ல?”

“எங்க போவாங்க?”

புல்லில் முதலிலிருந்து ஆடினாள். ஒருவரும் அசையவில்லை. ஆட்டத்தில் அதே கட்டம் வந்து, மண்டியிட்டு மண்ணில் கை வைத்தபோது மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பெங்காலி அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“தீதீ, இருக்கா இல்லயா?”

“இல்ல,” என்றாள் தங்கச்சி, கையை எடுக்காமலே. கடைசிவரை ஆடி முடித்துப் புல்லில் மல்லாந்து படுத்தாள். இருட்டுகிற நேரம். கைதட்டல் வந்தது. அப்பா கேட்டது ஞாபகம் வந்து நான் போய்த் தூக்கிவிட்டேன்.

இப்போது ஜெர்மனியில் எல்லோரிடமும் எங்கள் ஊர் முழுசாக உட்கார்ந்து பார்த்தது என்றுதான் சொல்கிறாளாம். இங்கே கதையே வேறு. ஃபேன் கொஞ்சம் ஆடினாலும் லாங் ஐலண்டிலிருந்து எனக்கு போன் வருகிறது: “தாதா, தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த கேளுங்க.” அந்தப் பக்கம் போட்டில் போகிறவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்: அவளுக்கு நிலநடுக்கம் பற்றி ஒன்றும் தெரியாது, அன்றைக்கு அவர்கள் பார்த்தது டான்ஸ், அதையும் கடைசிவரை பார்த்துவிட்டார்கள்.