பஞ்சாரம் கவிழ்த்த கூடு

அண்ணன் வீட்டுப் பின்சுவரில் அந்தப் பஞ்சாரம் இன்னமும் தொங்குகிறது. கோழிக்குஞ்சுகளைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிகிறது. நங்கை அதைக் கடந்துதான் தினமும் தண்ணீர் எடுக்கப் போகிறார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம்.

அண்ணன் கோழிப்பண்ணை போட்ட இடத்தில் அதற்கு முன் இருந்தது மேய்ச்சல் காடு. கொழுக்கட்டைப் புல் மண்டிக் கிடக்கும். ஆடு ஓட்டிப் போகும் நங்கைக்கு அங்கே ஒரு வானம்பாடி ஜோடியோடு பழக்கம். சிட்டுக்குருவியைவிடச் சின்னது. ஆணுக்குத் தலை சாம்பல், அடிவயிறு கரிக்கட்டைக் கறுப்பு. விருட்டென்று மேலே ஏறும். சிறகை மடக்கிக்கொண்டு கல் மாதிரி விழும். தரையைத் தொடுவதற்குள் சீட்டியடித்தபடி மறுபடி எழும்பும். "வேலவெட்டி இல்லாத ஆம்பள, அம்மிணி" என்று நங்கை என்னிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் குஞ்சுக்கு இரை கொண்டுவருவதில் அது பெட்டைக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. மண்ணாங்கட்டி ஓரத்தில் ஒரு சிறு குழி, சுற்றிலும் பொடிக்கல், அதுதான் கூடு.

நிலத்தை நிரவ பொக்லைன் வருவதற்கு முந்தின நாள் நங்கை தாய்வீட்டு விசேஷத்துக்கு நாமகிரிப்பேட்டை கிளம்பினார். "குஞ்சு பறக்கற மட்டும் அந்த மூலையத் தொட வேண்டாமுங்க" என்று அண்ணனிடம் கேட்டார். கல்யாணமாகி வந்த பிறகு அவர் வாய்திறந்து எதையாவது கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நான் பாத்துக்கறேன், நீ போ" என்றார் அண்ணன்.

பார்த்துக்கொண்டார். கூட்டின்மேல் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, வெயில் படாமல் சாக்கையும் போர்த்தி, சுற்றி வேலை நடக்கச் சொன்னார். கோழி வளர்க்கிறவருக்குத் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான். இரை ஊட்டுகிறவை வெளியே நிற்கின்றன என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை.

மூன்றாம் நாள் நங்கை வந்து கூடையைத் தூக்கினார். நானும் பக்கத்தில் நின்றேன். குஞ்சுகள் வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தன, எறும்பு மொய்த்திருந்தது. சாக்கின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பறவை எச்சம். அந்த இரண்டும் வந்து வந்து உட்கார்ந்து பார்த்திருக்கின்றன.

"நல்லதுக்குத்தான பண்ணுனேன்? மெசினு கிட்டயே போகலியே" என்றார் அண்ணன்.

"ஆமாங்க, பத்தரமாத்தான் வெச்சிருந்தீங்க" என்றார் நங்கை. அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

இப்போது அங்கே முட்டைக்கோழிக் கொட்டகை. போன வாரம், மல்லசமுத்திரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு நங்கையை நாலு நாள் கூட்டிப்போகட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். "அங்க எதுக்கு அலையறது? இங்க அவளுக்கு என்ன கொறை?" என்றார் அண்ணன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கட்டி வைத்த பையை நங்கை மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தார். அண்ணனைத் திட்டுவதற்கு ஊர் ஒத்துக்கொள்கிற மாதிரி ஒரு காரணமும் எனக்கு அகப்படுவதில்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

தனியாக பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பின்சுவரைப் பார்த்தேன். தூசி படக்கூடாதென்று அண்ணன் அந்தப் பஞ்சாரத்துக்கும் ஒரு சாக்கு போர்த்தியிருந்தார்.