மீட்பருக்கு என் வீட்டுக்காரர் குரல்

என் வீட்டுக்காரருக்கு டப்பிங் கூடத்தில் வைத்த பெயர் 'கும்பல்'. படத்தில் கூட்டம் ஓடினால், சந்தையில் சண்டை வந்தால், எங்காவது தீப்பிடித்தால், பின்னால் கேட்கும் "ஐயோ", "பிடி பிடி", "விடுப்பா" எல்லாம் இவர்தான். ஒரே தொடரில் தனி ஆளாக நாற்பது பேராகச் செத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் கத்திவிட்டு வந்து, வீட்டில் உப்பு போதுமா என்று கேட்டால் தலையை ஆட்டுவார். இருபத்திரண்டு வருடத்தில் திரையில் இவர் பெயர் வந்ததே இல்லை. அதனால் வருத்தமில்லை என்பார். பெயர்கள் ஓடும்போது மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.

நான் வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி திருத்துகிறேன். ஜிப் மாற்றுவேன், இடுப்பைத் தளர்த்துவேன். மிஷின் ஓடும்போது எழுந்திருப்பது எனக்கு ஆகாது. இவரோ மூன்று சாவி தொலைத்தவர், நாலாவது நான் கொடுக்கவில்லை. அதனால் தினமும் கதவைத் தட்டுவார். நான் மிதிப்பதை நிறுத்தி "யாரு?" என்பேன். "நான்தான்" என்பார். எந்த நான் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுத்தெடுத்த டாக்டர், "கெட்ட கட்டி இல்லம்மா. ஆனா நாப்பது நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அப்புறம் குரல் வருமான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார். கத்திப் பிழைக்கிற மனிதரிடம் சொல்கிற பேச்சா இது!

அந்த நாற்பது நாளும் சாயங்காலம் நடந்துவிட்டு வந்து தட்டுவார். பழக்க தோஷம், நானும் "யாரு?" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வேன். முதல் நாள் மறுபடி தட்டினார். இரண்டாம் நாள் கதவுக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. 'நான்தான்' என்று எழுதியிருந்தது. சிரித்துக்கொண்டே போய்த் திறந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். மூன்றாம் நாளும் அதே தப்பைச் செய்தேன், அதே சீட்டு வந்தது. சிக்கனக்காரர் புதிதாக எழுதவில்லை. என்னிடமிருந்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

நாற்பத்தோராம் நாள் "யாரு?" என்றேன். சீட்டு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மணலைச் சலிக்கிற மாதிரி, "நான்தான்" என்று கேட்டது. மிஷினில் கிடந்த பேன்ட் யாருடையது என்றுகூடப் பார்க்காமல் அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். அந்த டாக்டருக்கும், இன்னும் யார் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்கும், இன்றுவரை நன்றி சொல்லி எனக்குத் தீரவில்லை.

குரல் வந்ததே தவிர கரகரப்புப் போகவில்லை. கூட்டத்தில் கத்த முடியாதவருக்கு முனகலும் இருமலும் கொடுத்தார்கள். அப்போதுதான் ஒரு வெளிநாட்டுத் தொடர் வந்தது. லிஃப்ட் பழுது பார்க்கிறவன் ஒருவன், ஒரு நாள் காலையில், உலகம் இத்தனை காலம் காத்திருந்த மீட்பர் தான்தான் என்று சொல்லிவிடுகிறான். அவன் பெண்டாட்டி டிபன் பாக்ஸோடு வாயைப் பிளந்து நிற்கிறாள். அவள் பாடு எனக்கு நன்றாகப் புரிந்தது.

டப்பிங் இயக்குநர் ஒரு பெண்மணி. கதாநாயகன் குரல் வேண்டாம், லிஃப்டில் நம் பக்கத்தில் நிற்கிற ஆளின் குரல்தான் வேண்டும் என்று இவரை அழைத்திருந்தார். ஆனால் சேனல்காரர்கள் ஒரு காட்சியை முதல் நாளே நாலு மணிக்குக் கேட்பார்களாம். பிடித்தால் தொடர் முழுக்க இவர். பிடிக்காவிட்டால் வழக்கமான கதாநாயகக் குரல்காரர் வருவார், இவர் மறுபடி இருமப் போக வேண்டியதுதான்.

அன்றைக்குப் பார்த்து மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனார். திட்டிக்கொண்டே இரண்டு பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. வசனத்தை நெட்டுருப் போட்டிருந்ததால் பிழைத்திருந்தார். சிக்கியிருந்தது ஒரே வார்த்தையில். திரையில் ஓர் அதிகாரி "யார் நீ?" என்று கேட்க, லிஃப்ட்காரன் வாய் இரண்டே முறை அசைகிறது. அதற்கு எழுதியிருந்த வசனம் 'நான்தான்'. மீட்பர் என்றதும் இவருக்கு என்ன தோன்றியதோ, வானம் இடிகிற மாதிரி முழங்கிக்கொண்டிருந்தார்.

"முப்பத்தோராவது தடவைண்ணே. அவன் லிஃப்ட்காரன், இடி இல்ல" என்றார் இயக்குநர், உள்ளே பேசும் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இவர் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். நான் கதவைத் தள்ளிய சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும். "யாரு?" என்றார், நிமிராமலே.

"நான்தான். கண்ணாடிகூட இல்லாம எதைப் படிச்சுக் கிழிக்கிறீங்க?"

இயக்குநர் சட்டென்று திரும்பினார். "இப்ப என்னம்மா சொன்னீங்க?"

"கண்ணாடி..."

"அதுக்கு முன்னாடி."

"நான்தான்னு சொன்னேன்."

"அண்ணே, கேட்டுச்சா? காலையிலேருந்து நான் கேக்குறது இதைத்தான்!"

உள்ளே இவர் மெல்லச் சிரித்தார். "அவளையே கேக்கச் சொல்லுங்க" என்றார். பதிவு ஓடுகிறது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. வீட்டில் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு "யாரு?" என்றேன்.

"நான்தான்" என்றார். நாற்பத்தோராம் நாள் கதவுக்கு வெளியே கேட்ட அதே குரல். இயக்குநர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். நாலு மணிக்குக் கேட்ட சேனல்காரர்கள் தொடர் முழுக்க இவரே என்றார்கள்.

தொடர் ஒளிபரப்பான முதல் நாள் மாடிவீட்டு அக்கா வந்து இவரோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவசரமாக ஒரு ஜிப். உள்ளறையில் மிஷின் ஓடிய சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை, ஒன்றைத் தவிர. "நான்தான்." காலை எடுத்தேன், எழுந்தேன், முணுமுணுத்துக்கொண்டே கூடத்தைக் கடந்து போய் வாசல் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. "இங்கதான் இருக்கேன்" என்றார் மெதுவாக.

அன்றைய பகுதி முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. இவர் வழக்கம்போலத் தண்ணீருக்கு எழுந்தார். சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். மீட்பரின் குரல் என்று போட்டு, பக்கத்தில் இவர் பெயர், முழுசாக.

திரையைக் காட்டி, "யாரு?" என்றேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் தடவை சத்தம் வரவில்லை. நான் காத்திருந்தேன்.

"நான்தான்" என்றார்.