சிங்கப்பூர் சுவருக்கு ஒரு பிளக்

பிள்ளைகளா, நம் வீட்டு மேஜை இழுப்பறையில் கறுப்பாக ஒரு பழைய மூன்று பின் பிளக் கிடக்கிறதே, பொங்கலுக்கு வீட்டை ஒதுங்க வைக்கும்போதெல்லாம் "வயரும் இல்ல, ஒண்ணும் இல்ல, இத எதுக்குப்பா வச்சிருக்கீங்க" என்று கேட்கிறீர்களே, அதன் கதையை இன்று எழுதி வைத்துவிடுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம். அப்போது நாங்கள் தேனிப் பக்கம் தேவாரம் என்ற ஊரில் இருந்தோம். அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவருடைய ஒரே தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுடைய வலது கை மெலிந்து, பிடிமானம் இல்லாமல் போயிருந்தது. இடது கையாலேயே கோலம் போடுவாள், தண்ணீர் சேந்துவாள், என் தலையில் நறுக்கென்று குட்டுவாள். அம்மியில் அரைப்பது மட்டும் அவளால் ஆகாது. அதற்கு இரண்டு கையும் வேண்டும்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த ஒருவர் அவளைப் பெண் பார்க்க வந்தார். அவர்தான் எனக்கு மாமாவானவர். கூடவே அவருடைய தாயாரும் வந்திருந்தார். அவரும் மகனோடு சிங்கப்பூரிலேயே இருந்தவர். காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலேயே கேட்டார்.

"பிள்ள லெச்சணமாத்தான் இருக்கு. அரைக்கக் கரைக்க எப்பிடி? அங்கன வந்து நானா அரைச்சுக் கொட்டணும்?"

அத்தை தரையைப் பார்த்தாள். அப்பாதான் பதில் சொன்னார்.

"மிக்ஸி போட்டு அனுப்புறேன் ஆத்தா. எந்தங்கச்சி ஒத்தக் கையால ஒரு பந்திக்கே அரைச்சு வைப்பா."

இதைச் சொன்னபோது அப்பா மிக்ஸி என்ற சாமானைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற மதுரைக்குப் போய் ஒன்றை வாங்கி வந்தார். அது எங்கள் வீட்டில் முதல் தடவை ஓடியதை என்னவென்று சொல்வேன்! அத்தை மூடியை இடது கையால் அழுத்திக்கொண்டாள். அப்பா சுவிட்சைப் போட்டார். வீட்டுக்குள் லாரி புகுந்த மாதிரி ஒரு சத்தம். அடுத்த வீட்டுக்காரம்மா ஈரக் கையோடு ஓடி வந்தார். தலைக்கு மேலே எரிந்த பல்பு பயந்துபோன மாதிரி மங்கி, மிக்ஸி நின்றதும் பளிச்சென்று எரிந்தது. மூடியைத் திறந்தால் தேங்காய்ச் சட்டினி, வெண்ணெய் மாதிரி! பல்பை மங்க வைக்கிற அளவுக்கு அதற்குப் பலம் இருக்கிறதே என்று நான் வாய் பிளந்து நின்றேன். அதன் பிறகு அத்தை அரைக்கும்போதெல்லாம் நான் ஜாரைப் பார்ப்பதில்லை, பல்பைத்தான் பார்ப்பேன்.

கல்யாணம் முடிந்து மாமாவும் அவர் தாயாரும் முதலில் கிளம்பினார்கள். அத்தைக்குக் காகிதங்கள் தயாரானதும் அவள் பின்னால் போவதாக ஏற்பாடு. புறப்படுகிற நேரத்தில் மாமா மிக்ஸியின் வயரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்.

"மச்சான், இந்தப் பின்னு அங்கன சுவத்துல போகாது. இது உருண்டை, அங்கன எல்லாம் தட்டை. அடாப்டர்னு ஒண்ணு விக்கும். வந்த பெறகு பாத்துக்கலாம்."

அவர் போய்விட்டார். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அங்கன கிடைக்காமலா போகும்? அவுகளே வாங்கிக் குடுப்பாக" என்றாள் அம்மா.

"போன மொத நாளே ஓடாத மிசினத் தூக்கிக்கிட்டு மாமியா முன்னாடி நிப்பாளா? அவ போகணும், சொருகணும், ஓடணும். அம்புட்டுத்தான்."

மறுநாள் பள்ளிக்கூட லீவு. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறினார். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. உருண்டைப் பின்னில் உருண்டையாகக் கரண்டு வருகிறது. தட்டைப் பின்னில் எப்படி வரும்?

"ஏப்பா, சிங்கப்பூருல கரண்டே தட்டையாத்தான் இருக்குமா?"

"ஏலே, வாய மூடிக்கிட்டு வா" என்றார் அப்பா. ஆனால் அதற்குப் பிறகு அவரும் ஜன்னல் வழியே மின்சாரக் கம்பிகளையே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

தேனி பஜாரில் எலெக்ட்ரிக் கடைக்காரர் இருந்ததையெல்லாம் பலகை மேல் பரப்பினார். இரண்டு பின், மூன்று பின், பல்பு ஹோல்டரில் மாட்டி ரேடியோவுக்குக் கரண்டு எடுக்கிற பின். எல்லாம் உருண்டை. அப்பா பலகையில் விரலால் தட்டை தட்டையாகக் கோடு இழுத்துக் காட்டினார். சிங்கப்பூருக்கு என்று சொன்னதும் கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சி, சிங்கப்பூருக்குப் போறவுக அங்கன இருந்துதான் சாமான் கொண்டாருவாக. இங்கன இருந்து கொண்டு போற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அப்பாவின் முகத்தைப் பார்த்தோ என்னவோ, உடனே குரலைத் தணித்துக்கொண்டார். "கம்பத்துல கேட்டுப் பாருங்க. அங்கன தெருவுக்குத் தெரு கடல் தாண்டுனவுக இருக்காக."

கம்பத்தில் அப்பாவுக்குப் பழக்கமான ராவுத்தர் ஒருவர் இருந்தார். சிங்கப்பூரில் பல காலம் கடை வைத்திருந்துவிட்டு, போதும் என்று ஊர் திரும்பித் திராட்சைத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்குள் கால் வைத்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆள் உயரத்துக்கு நிற்கிற காற்றாடி, கண்ணாடி மூடி போட்ட டேப் ரெக்கார்டர், பளபளவென்று ஓர் இஸ்திரிப் பெட்டி. எல்லாம் கடல் தாண்டி வந்தவை. ஆனால் வயரின் நுனியைப் பார்த்தால் எல்லாவற்றிலும் நம் ஊர் உருண்டைப் பின்!

அப்பா விஷயத்தைச் சொன்னார். அடாப்டர் தன்னிடம் இல்லை என்றார் ராவுத்தர். அப்பா எழுந்துவிட்டார். அப்போது உள்ளே இருந்து ராவுத்தரின் மனைவி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து எங்கள் முன்னால் திறந்தார்.

டின் நிறையத் தட்டைப் பின் பிளக்குகள். வெள்ளை வெளேரென்று, உள்ளங்கை கொள்ளாத அளவில்.

"ஒவ்வொரு சாமானுக்கும் தலையக் கழத்திட்டுத்தான் நம்மூரு தலைய மாட்டுனோம்" என்றார் அந்த அம்மா. "தூக்கிப் போட மனசு வரல."

"திரும்பிப் போனா மாட்டிக்கிறலாமாம்" என்றார் ராவுத்தர். "நான் போகவே மாட்டேன்னு சொன்னாலும் நம்ப மாட்டா."

"இவுகளுக்கென்ன, திடுக்குனு ஒருநாளு பெட்டியத் தூக்குவாக" என்று அந்த அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டு, டின்னுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கொடுக்க மனம் இல்லையோ என்று நான் பயந்தேன். இல்லை, நல்லதாகத் தேடியிருக்கிறார். கீறல் இல்லாத ஒன்றை எடுத்துச் சேலையில் துடைத்து என் கையில் வைத்தார். "தங்கச்சிகிட்ட குடு ராசா. எங்க வீட்டுத் தலை ஒண்ணாச்சும் மறுபடி ஊரு போய்ச் சேரட்டும்."

அதன் கனத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ராவுத்தர் அதைத் திறந்து உள்ளே இருந்த வெள்ளைக் குழல் மாதிரியான பியூஸைக் காட்டினார். எந்த வயர் எங்கே என்று அப்பா மூன்று தடவை கேட்டுக்கொண்டார். பஸ்ஸில் நான் அதை மடியில் வைத்துப் பொத்திக்கொண்டே வந்தேன். சிங்கப்பூரையே கையில் வைத்திருக்கிற மாதிரி இருந்தது.

வீட்டில் அப்பா மிக்ஸியின் கறுப்பு பிளக்கைக் கழற்றிவிட்டு, ராவுத்தர் சொன்னபடி புதுத் தலையை முடுக்கினார். முடுக்கி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஓடுதான்னு எப்படிப் பாக்குறது?"

 நம் சுவரில் அது போகாது. போகிற சுவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அத்தை எழுந்து வந்தாள். இடது கையால் பிளக்கை எடுத்துச் சுவரில் இருந்த பாயிண்டில் வைத்து அழுத்திப் பார்த்தாள். போகவில்லை. தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு தடவை அழுத்தினாள்.

"ஏன்டி, அது அங்கன போகாதுன்னு தெரியாதா ஒனக்கு?" என்றாள் அம்மா.

"சும்மாதான் மதினி" என்றாள் அத்தை.

எனக்குச் சிரிப்பு வந்தது. தேனி, கம்பம் எல்லாம் சுற்றி வந்த எனக்குத் தெரிந்தது இவளுக்குத் தெரியவில்லையே என்று. அவள் வயரைச் சுருட்டி, மிக்ஸியைப் பழைய சேலையில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். கறுப்பு பிளக்கை மூடி போட்டு முடுக்கி என்னிடம் தந்தாள். "பத்திரமா வச்சுக்கடா. நான் வரும்போது குடு."

ஒரு நாள் காலையில் அவள் பஸ் ஏறினாள். அப்பா சென்னை வரை போய், சிங்கப்பூர் போகிற ஒரு கம்பத்துக் குடும்பத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டு வந்தார். வந்து பல நாள், கடையில் துவரம்பருப்பு கேட்டால் கடலைப்பருப்பை நிறுத்தார்.

மிக்ஸி ஓடிற்று. போன அன்றே சொருகினாளாம், ஓடிற்றாம், மாமியார் சட்டினியைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு உப்பு மட்டும் குறைச்சல் என்றாராம். இந்தச் சேதி எங்களுக்கு வந்து சேர வெகு நாளாயிற்று. அந்தத் தட்டை பிளக் சிங்கப்பூரில் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிற சாமான் என்பதும் பின்னால் தெரிந்தது. அப்பாவிடம் அதைச் சொன்னபோது, "இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அத்தையும் பிறகு வந்தாள், போனாள். வந்தாலும் விருந்தாளி மாதிரிதான் வந்தாள். பிளக்கைக் கேட்கவே இல்லை.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அந்தச் சேதி வருவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம், அப்பா கடையில் இருந்தார், அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். பல்பைப் போட்டேன். உடம்பு சிங்கப்பூரில் இருந்தாலும் மிக்ஸியின் சொந்தத் தலை இங்கேதானே இருக்கிறது என்று எனக்கு ஒரு கணக்கு. என் புத்தகப் பெட்டியில் இருந்து கறுப்பு பிளக்கை எடுத்தேன். அத்தை எப்போதும் சொருகுகிற பாயிண்டில் சொருகி, சுவிட்சைப் போட்டேன். பல்பு மங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.