கரைக்குக் கீழே முப்பத்தேழு கதவுகள்

அறுபதுகளின் கடைசியில் ஆவடிக்கு அப்பால் ஒரு தனியார் களிமண் ஆலையில் அளவுக் குமாஸ்தாவாக இருந்தேன். மண்ணைக் கழுவி நல்ல களியை எடுத்துக்கொள்வோம். மிஞ்சிய சேற்றை ஒரு மண்கரைக்குப் பின்னால் தேக்குவோம். சேறு ஏற ஏற, காய்ந்த சேற்றையே வெட்டிப் போட்டுக் கரையை உயர்த்துவோம். முதலாளியின் சிக்கனம் அப்படி. நான் சேர்ந்தபோது பதினோரு அடி. மூன்றாம் வருடம் இருபத்தாறு.

கரையின் அடியில் முப்பத்தேழு குடிசைகள். முதல் குடிசை எங்கள் லாரிக்கு மண் ஏற்றும் ஒருவனுடையது. மனைவி, நான்கு பிள்ளைகள், மூன்று ஆடுகள். மழை வந்தால் கரையைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவான்.

இப்படிப்பட்ட கரைகளுக்கு அரசாங்கம் வகுப்பு போட்டது. உடைந்தால் உயிர் போகுமென்றால் முதல் வகுப்பு. சேறு மட்டும் போகுமென்றால் மூன்றாம் வகுப்பு. ரயில் மாதிரி இல்லை, இங்கே முதல் வகுப்புக்கு யாரும் ஆசைப்படுவதில்லை. அது விழுந்தால் முதலாளி கரையைப் பாதியாக வெட்டிக் கல் பதிக்க வேண்டி வரும்.

ஆகவே ஆய்வாளரை அவர் ஆயுத பூஜையன்று அழைத்தார். குடிசைக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் ஆட்கள். பொரி வாங்க ஆலையில் குடும்பத்தோடு வரிசையில் நின்றார்கள். ஆய்வாளர் மாலையும் சந்தனமுமாகக் கரைமேல் ஏறிக் கீழே பார்த்தார். மூன்று ஆடுகள் தெரிந்தன. ‘ஆளில்லாத கொட்டகைகள். மூன்றாம் வகுப்பு’ என்று எழுதிவிட்டு, பூசணிக்காய் உடைத்ததும் கிளம்பினார்.

“இன்னா அண்ணாத்தே, இன்னா எயுதிகினு போறாரு?” என்றான் முதல் குடிசைக்காரன், பொரிப் பொட்டலத்தோடு.

“உன் வீட்டுல ஆளே இல்லையாம்.”

“நான் இங்க கீறேனே! சொல்லியிருந்தா ஊட்டாண்ட போய்க் குந்தியிருப்பேனே!”

அடுத்த ஞாயிறு ஒரு டப்பா தாரோடு போய் முப்பத்தேழு கதவிலும் எண் எழுதினேன். அவனுடைய தகரக் கதவில் ஒன்று. தலைகளையும் எண்ணினேன்: நூற்று எழுபத்திரண்டு. பட்டியலைக் கையெழுத்தில்லாமல் ஆய்வாளரின் மேலிடத்துக்கு அனுப்பினேன். எண் போட்டால் அரசாங்கத்துக்குக் கண் தெரியும் என்பது நான் படித்த படிப்பு.

தெரிந்தது. பொங்கலுக்குள் வேறொரு ஆய்வாளர் வந்து கதவு கதவாக எண்ணி, முதல் வகுப்பு போட்டார். அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன்.

முதலாளி என்னைவிடக் கெட்டிக்காரர். கரைக்குக் கீழே இருந்த நிலமும் அவருடையதுதான். குடிசைகள் போனால் உயிர் இல்லை. உயிர் இல்லையென்றால் மூன்றாம் வகுப்பு. இரண்டே நாளில் ஆபத்து நீங்கியது. கரை ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை.

அவன் தகரக் கதவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அண்ணனூர்த் தண்டவாள ஓரத்துக்குக் கிளம்பினான்.

“நம்பர் அயியவே மாட்டேங்குது அண்ணாத்தே. பரவால்ல, அங்கயும் இதத்தான் மாட்டப் போறேன். நீ மட்டும் எண்ண வந்துடாத.”

நான் போகவில்லை. வண்டி அண்ணனூரைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் உட்காருவதையும் விட்டுவிட்டேன்.