கணக்கில் கூடிய நீலச் சைக்கிள்

ரயில் நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டைப் பத்தொன்பது வருடம் நான்கு மாதமாகப் பார்த்துவந்தவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் ‘ஆணி’. அவர் நாற்காலிக்குப் பின்னால் பலகையில் இருநூறு ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரே எண் அடித்த இரண்டு தகர டோக்கன்கள். சைக்கிள் உள்ளே வந்தால் ஒன்று கைப்பிடியில் ஏறும், மற்றது உரியவர் கைக்குப் போகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் காலி ஆணிகளையும் சைக்கிள்களையும் எண்ணி நோட்டில் எழுதுவார். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் தண்ணீர்கூடக் குடிப்பார்.

“கல்யாணத்தன்னிக்கும் பொண்ணு ஒண்ணுதானான்னு ரெண்டு தரம் எண்ணியிருப்பாரு” என்பார் வாசலில் பங்க்சர் ஒட்டுபவர்.

இத்தனை வருடத்தில் ஒரு சைக்கிள்கூடக் காணாமல் போனதில்லை. ஆனால் அந்த மாதம் நகரத்தில் பதினேழு சைக்கிள்கள் களவு போயின. பெடல் அச்சுக்கு அடியில் அடித்திருக்கும் எண்ணைக் குறித்து வைத்திருந்தவர்கள் ஆறு பேர்தான். அந்த ஆறு எண்களையும் ஒரு தாளில் எழுதி, ஏட்டு வந்து ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டினார்.

“திருட்டுச் சைக்கிளை ஒளிச்சு வெக்க இதைவிடத் தோதான இடம் ஏது? இங்க ஒண்ணு அகப்பட்டா, ஸ்டாண்டுல யார் உக்காந்திருந்தாங்களோ அவங்களைத்தான் முதல்ல கேப்போம்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆணி சிரிக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை, பகல் இரண்டு மணிக் கணக்கு. காலி ஆணி 143. சைக்கிள் 144.

மூன்று தரம் எண்ணினார். ஒன்று குறைந்தால் என்ன செய்வது என்று பத்தொன்பது வருடமாக யோசித்து வைத்திருந்தார். ஒன்று கூடினால் என்ன செய்வதென்று யோசித்ததே இல்லை. கடைசி வரிசையில், சுவரை ஒட்டி, டோக்கன் இல்லாமல் ஒரு நீலச் சைக்கிள் நின்றது. மண்டியிட்டு அடியில் இருந்த எண்ணைப் படித்தார். சுவரில் இருந்த தாளின் நான்காவது வரி.

பன்னிரண்டு மணிக் கணக்கு சரியாக இருந்தது. ஒன்றிலிருந்து ஒன்றரை வரை அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். அந்த அரை மணி நேரம் நாற்காலியில் இருந்தது மனைவியின் தம்பி. வேலை போய் எட்டு மாதமாக வீட்டில் இருந்தவனை, “என் தம்பிக்கு ஒரு வழி காட்டக் கூடாதா?” என்று அவள் கெஞ்சியதால் உட்கார வைத்திருந்தார்.

போன் செய்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி செய்தார். சுவிட்ச் ஆஃப். தன் சொந்தச் சங்கிலியை எடுத்து நீலச் சைக்கிளைத் தூணோடு பூட்டினார். பிறகு வாசலில் நிழல் ஆடும்போதெல்லாம் எழுந்து எட்டிப் பார்த்தார்.

ஆறு மணிக்கு ஏட்டு நோட்டில் கையெழுத்துப் போட வருவார். 143 என்று எழுதினால் மச்சினன் தப்புவான். சங்கிலியை அவிழ்த்து சைக்கிளைத் தெருவில் விட்டாலும் தப்புவான். பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். ஐந்தே காலுக்கு எழுதினார்: ‘144. ஒன்று திருட்டுச் சைக்கிள். பகல் ஒன்று முதல் ஒன்றரைக்குள் வந்தது. அப்போது இருந்தது என் மைத்துனர்.’

ஐந்தரைக்கு மச்சினன் வந்தான்.

“என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? போன்ல சார்ஜ் போயிடுச்சு.”

“அந்த நீல சைக்கிள் யாருது மாப்ள?”

அவன் வாய் திறப்பதற்குள், தேய்த்த சட்டை போட்ட ஒருவர் உள்ளே வந்து நேரே மச்சினனிடம் போனார்.

“சார், மதியம் அஞ்சு நிமிஷம்னு வெச்சுட்டுப் போனேனே? அதுக்கு டோக்கன் எதுக்குன்னு நீங்கதானே சொன்னீங்க! லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க.”

ஆணிக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு அப்படியே நின்றது. மச்சினன் திருடன் இல்லை. அப்படியென்றால் திருடன் இரண்டடி தூரத்தில் நிற்கிறான்.

“டோக்கன் இல்லைன்னா நோட்டுல பேரு, அட்ரஸ் எழுதிக் கையெழுத்துப் போடணும். சங்கிலியை அப்பதான் திறப்பேன்” என்றார்.

வந்தவர் நோட்டைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். கடைசியாக ஆணியின் முகத்தை, எழுத்தெழுத்தாகப் படிப்பவர் போல, நிதானமாகப் பார்த்தார்.

“எழுதக் கண்ணாடி வேணும், எடுத்துட்டு வந்துடறேன் பெரியவரே. நீங்க தினம் இங்கதான இருப்பீங்க?”

போய்விட்டார். துரத்தப் பாய்ந்த மச்சினனின் சட்டையை ஆணி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“விடுங்க மாமா!”

“வேண்டாம்டா. அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

ஆறு மணிக்கு வந்த ஏட்டு நோட்டைப் படித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். “சொந்த மச்சினனையே எழுதிட்டீங்களா? இதை மறைச்சிருந்தீங்கன்னா ரெண்டு பேரும் இப்ப என்கூட நடந்து வந்திருப்பீங்க.” நடந்ததையும் வந்துபோனவனின் அடையாளத்தையும் மச்சினனிடம் கேட்டு எழுதிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மச்சினன் அந்த வரியைத் தானும் படித்தான். மறுநாள் பகல் ஒரு மணிக்கு வந்தான். பங்க்சர்காரர் தன் சைக்கிளை ஓரமாக விடப் பார்த்தபோது அதற்கும் டோக்கன் மாட்டினான்.

இரண்டு மணிக் கணக்கு: காலி ஆணி 139, சைக்கிள் 139. ஆணி தண்ணீர்ச் செம்பை எடுத்தார். வாசலில் தேய்த்த சட்டை ஒன்று தெரிந்தது. வேறு யாரோ. செம்பைக் கீழே வைத்துவிட்டு, முதல் வரிசையிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார்.