கோதண்டம் வெளியே வரவும், ஆண்

ஜூன் முதல் தேதி விடிந்தால் என் செல்போன் சும்மா இருக்காது. பிறந்தநாள் என்று வங்கி வாழ்த்தும், நகைக்கடை வாழ்த்தும், என்றோ மூக்குக்கண்ணாடி வாங்கிய கடைகூட மறக்காமல் வாழ்த்தும். இந்த வருடமும் வந்தன. ஒன்றுகூட மனிதர் அனுப்பியதில்லை. போதாததற்கு ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு பட்டியல் வேறு. இன்ன நடிகை பிறந்தாள், இன்ன ராஜா செத்தான், இன்ன படம் வெளியானது. அதைப் படித்ததும் எனக்குச் சாக்பீஸ் வாசனை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே வந்தது.

எண்பதுகளில் செஞ்சி நூலகத்தில் எனக்கு முதல் வேலை. நான் பிறந்ததும் அதே ஊர்தான், ஆனால் கைக்குழந்தையிலேயே பெற்றோரைப் பறிகொடுத்து வேலூரில் அத்தையிடம் வளர்ந்தவன். செஞ்சியில் என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சித்திரை பிறந்துவிட்டால் நூலகத்துக்கும் ஆள் வராது. கோட்டைப் பாறையெல்லாம் காய்ந்து, சாயங்காலம்கூட ஊருக்குள் அனல்தான் வீசும். சில நாள் ஹோட்டலில் ‘ரசமா சார், மோரா?’ என்று கேட்பது மட்டுமே அன்று முழுக்க என்னிடம் யாராவது பேசிய பேச்சாக இருக்கும். தனியாக இருந்தேன் என்று நாசூக்காகச் சொல்லலாம். உண்மையில் அழுகை வரும்.

அந்த வெறுமையில்தான் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி ‘இன்று’ என்று தலைப்பிட்டு எழுத ஆரம்பித்தேன். யாரும் இடாத வேலை. நூலகத்தில் இருந்த பழைய பொது அறிவுப் புத்தகத்தைப் பார்த்து, எந்தக் கோட்டை என்று விழுந்தது, எந்த மன்னர் என்று முடிசூடினார் என்று எழுதுவேன். யாராவது நின்று படிக்கிறார்களா என்று ஜன்னல் வழியாகத் திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். முதலில் நின்று படித்தது ஒரு குரங்கு. அதன் பிறகு காதர் பாய்.

காதர் பாய் ஊர் சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர். நாற்பது வயசிருக்கும். சட்டையில் எப்போதும் புரொஜக்டரில் எரியும் கார்பன் குச்சியின் கருகல் வாசனை. அவர் பலகையைப் படித்துவிட்டு உள்ளே வந்து என்னோடு சண்டைக்கு நின்றார்.

“இன்னா சார், ராஜா செத்ததெல்லாம் எழுதிக்கினு கீறீங்க. படம் வந்த தேதிய எழுதறீங்களா? ஜனங்க எதுக்கு அழுதாங்க, சிரிச்சாங்கன்னு அதுலதான சார் இருக்குது?”

“அதெல்லாம் எந்தப் புத்தகத்திலயும் இல்ல பாய்.”

“செவுத்துல இருக்குது, வாங்க.”

நிஜமாகவே இருந்தது. கொட்டகை கீற்றாக இருந்த காலத்திலும் ஆபரேட்டர் அறை மட்டும் செங்கல் கட்டிடம். அதன் பின்சுவரில், செஞ்சிக்கு வந்த ஒவ்வொரு படத்தின் பெயரும் வந்த தேதியும் பென்சிலில். வெள்ளையடிக்க வந்தவர்களை அந்தச் சுவர்ப்பக்கமே அவர் விட்டதில்லை. அன்றிலிருந்து என் பலகையின் இடது பாதி வரலாறு, வலது பாதி சினிமா. இடது பாதியைப் படித்த மனிதன் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. வலது பாதிக்குச் சைக்கிளை நிறுத்தினார்கள்.

ஜூன் ஒன்றாம் தேதி நெருங்கியபோது வெட்கத்தை விட்டு, அன்று எனக்குப் பிறந்தநாள் என்று பாயிடம் சொன்னேன். யாராவது ஒருவர் வாழ்த்தட்டுமே என்ற ஆசைதான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அது ஹெட்மாஸ்டர் வெச்ச தேதி சார். பள்ளிக்கூடம் தொறக்கறப்ப வயசு சரியா வரணும்னு எல்லாருக்கும் அதே தேதிதான். எங்க தெருவுல மட்டும் ஒம்போது பேரு கீறாங்க. நெஜமா எப்ப பொறந்தீங்க?”

எனக்குத் தெரியாது. அத்தை சொன்னது ஒன்றே ஒன்றுதான். நான் பிறந்தபோது என் நைனா கொட்டகையில் முதல் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். படம் வந்த முதல் நாள். திரையில் சிலைடு போட்டு அவரை வெளியே கூப்பிட்டார்கள். வில்லன் என்ன ஆனான் என்று தெரியாமலே வந்துவிட்டேன் என்று இருந்த கொஞ்ச காலமும் அங்கலாய்த்தாராம். படத்தின் பெயரை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவ்வளவு சுமாரான படம்.

பெயரைச் சொன்னதும் பாயின் சிரிப்பு நின்றுவிட்டது.

“உங்க நைனா பேரு கோதண்டமா?”

என் அப்பாவின் பெயரை அந்த ஊரில் ஒருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

“அந்த சிலைட எழுதினவன் நான்தான் சார். வேலைக்குச் சேந்த புதுசு. கண்ணாடியில கரி பூசி ஊசியால கீறணும். ‘கோதண்டம் வெளியே வரவும், ஆண் குழந்தை’ன்னு எழுதச் சொன்னாங்க. ‘ஆண்’ வரிக்கும்தான் எடம் இருந்துது. கொட்டாயே சிரிச்சுது. உங்க நைனா மட்டும் செருப்ப வுட்டுட்டு ஓடினாரு.”

சுவரில் தேடினோம். பல்லிமுட்டைக்குப் பக்கத்தில் படத்தின் பெயர், தேதி. கத்திரி வெயிலில் ஒரு நாள். என் சான்றிதழில் இல்லாத நாள்.

அடுத்த வருடம் அந்தத் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தது. நூலகத்துக்கு வார விடுமுறை. பாய் தொழுகை முடித்து வந்து, என்னை மேட்டினி ஆட்டத்துக்கு உட்காரவைத்தார். உள்ளே இருபது பேர்கூட இல்லை. இடைவேளையில் திரையில் வந்தது: ‘லைப்ரரி சார் பிறந்தது இன்’. மறுபடியும் இடம் போதவில்லை. யாரோ விசிலடித்தார்கள். நான் இருட்டில் நன்றாக அழுதேன்.

பிறகு மாற்றல் வந்தது. ஊர் ஊராகப் போனேன். எங்கே இருந்தாலும் அந்த நாளுக்கு ஒரு தபால் அட்டை வந்து சேரும். ‘சார், இன்று’ என்று மட்டும் எழுதியிருக்கும். அட்டை முழுக்க இடம் கிடந்தும் அவ்வளவுதான். ஒரு வருடம் அட்டை வரவில்லை. நான் செஞ்சிக்குப் போனபோது கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் எழும்பியிருந்தது. பாயின் மகன்தான் விஷயத்தைச் சொன்னான். அந்தச் சுவர் என்ன ஆனது என்று கேட்டேன். எந்தச் சுவர் என்றான்.

இப்போது அந்தக் கத்திரி வெயில் தேதியில் என் செல்போன் நாள் முழுக்கச் சும்மா கிடக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ராஜாக்கள் முடிசூடிய நாள், படங்கள் வந்த நாள் எல்லாம் பலகையில் எழுதினேனே, காதர் பாய் நிஜமாக என்று பிறந்தார் என்று ஒரு தடவைகூட நான் அவரைக் கேட்கவில்லை. சான்றிதழில் அவருக்கும் ஜூன் ஒன்றுதானாம். மகன் சொன்னான்.